சிவப்புக்கு அப்பால் ஒளிரும் பிளாஸ்டிக்

2021 ஜூலையில் தெமாசெக் அறநிறுவனம் சிங்கப்பூரில் வீட்டுக்கு ஒன்றாக, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை இலவசமாகக் கொடுத்தது. விரலைக் கவ்விக்கொள்ளும் அந்தச் சின்னக் கருவி இப்போது பல வீடுகளில் தைலப் புட்டிக்கும் பழைய சாவிகளுக்கும் நடுவே எங்காவது கிடக்கும். எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. யோசித்தால் அது பொருத்தமான இடம்தான். இரண்டுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரே வகை விளக்கு இருக்கிறது. அந்த விளக்கைப் பிளாஸ்டிக்கில் செய்ய முடியுமா என்பதுதான் இந்தக் கதை.

நம்ப முடியாவிட்டால் கைப்பேசியின் செல்ஃபி கேமராவைத் திறந்து, அதற்கு நேரே ரிமோட்டைப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் ரிமோட்டின் மூக்கில் வெளிர் ஊதாப் பொட்டு ஒன்று மின்னும். வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றும் இராது. நம் கண் ஏறத்தாழ 700 நானோமீட்டர் அலைநீளத்தோடு கடையை மூடிவிடுகிறது. கேமராவுக்குள் இருக்கும் சிலிக்கானோ 1100 வரை பார்க்கும். இடையில் கிடக்கும் இந்தப் பகுதிக்குத்தான் அண்மை அகச்சிவப்பு என்று பெயர். 1800ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தால் வெயிலைப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்து, இங்கேயும் ஏதோ வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்.

ஆக்சிமீட்டரில் இரண்டு விளக்குகள். ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு. மற்றது பெரும்பாலும் 940 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாதது. ஆக்சிஜனை ஏற்றிக்கொண்ட ஹீமோகுளோபினும் இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் சிவப்பை விழுங்கும் விதத்தில் பல மடங்கு வேறுபடுகின்றன. 940இல் கதை தலைகீழாகி, ஆக்சிஜன் ஏற்றியதுதான் அதிகமாக விழுங்கும். இரண்டு ஒளியும் விரலைக் கடந்து எவ்வளவு மிஞ்சி வருகிறது, அது நாடித்துடிப்போடு எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒப்பிட்டால் அந்த 97, 98 என்ற எண் கிடைக்கும். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்ட வழி இது.

அண்மை அகச்சிவப்பை மருத்துவர்கள் ஏன் இப்படி விரும்புகிறார்கள்? உடம்பில் ஒளி நுழைய விடும் சன்னல் அங்கேதான் திறந்திருக்கிறது. பச்சையும் நீலமும் தோலைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே இரத்தத்தில் மாட்டிக்கொள்ளும். 1000 நானோமீட்டருக்கு அப்பால் போகப் போகத் தண்ணீர் அதிகமாக விழுங்கத் தொடங்கும். நடுவே, கிட்டத்தட்ட 700 முதல் 1000 வரை, இரண்டும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுகின்றன. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினும் அலைநீளம் கூடக்கூட ஒளியைக் குறைவாகவே விழுங்கும்.

கடைசியில் சொன்ன இந்தச் செய்தி நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். நம் சோதனைச்சாவடிகளில் கண்ணைப் படிக்கும் கருவி இருக்கிறதே, அது அகச்சிவப்பில் இயங்குவதற்கு இதுவே காரணம். சாதாரண வெளிச்சத்தில் நம் கரும்பழுப்புக் கண் ஒரே இருட்டுத் திட்டாகத் தெரியும். அகச்சிவப்பில்தான் அதன் நார்க்கோலம் விரிந்து தெரிகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆக்சிமீட்டர் சரியென்று காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. மெலனின் சிவப்பை விழுங்கும் அளவுக்கு அகச்சிவப்பை விழுங்குவதில்லை. இரண்டையும் வகுத்துப் பார்த்துக் கணக்குப் போடும் கருவி அங்கே தடுமாறுகிறது என்பது பலரும் சொல்லும் விளக்கம். கறுத்த விரலை அந்தக் கவ்விக்குள் விட்டு எண்ணுக்காகக் காத்திருந்த எனக்கு அந்தச் செய்தி சும்மா கடந்துபோகவில்லை.

சரி, விளக்குக்கு வருவோம். ஆக்சிமீட்டருக்குள் இருப்பது காலியம் ஆர்சனைடு குடும்பத்துப் படிகச் சில்லு. 1960களின் தொடக்கத்திலிருந்து இருக்கும் தொழில்நுட்பம். மலிவு, நன்றாக உழைக்கும், மின்சாரத்தையும் வீணடிக்காது. ரிமோட்டுக்கு இதைவிட நல்ல விளக்கு தேவையில்லை, பிளாஸ்டிக்கில் செய்து காட்டுவதில் ஒரு லாபமும் இல்லை என்பது என் கருத்து. ஆனால் அந்தச் சில்லு ஒரு மணல் துணுக்கு அளவு. கெட்டியானது, ஒரு புள்ளியிலிருந்துதான் ஒளி வரும். விரல் நுனி, காது மடல் போல ஒளி ஊடுருவிப் போகும் மெல்லிய இடங்களில் கவ்வி மாட்டினால் வேலை நடக்கும். நீரிழிவுக்காரர் பாதத்தில் ஆறாத புண்ணைச் சுற்றி எங்கே இரத்தம் போகிறது, எங்கே போகவில்லை என்று உள்ளங்கை அகலத்துக்குப் படம் பிடிக்க வேண்டுமானால்? தோலோடு ஒட்டி வளையும் தாளே விளக்காக இருக்க வேண்டும். மையைப் போல அச்சடிக்கக்கூடிய ஒளிரும் பிளாஸ்டிக் இங்கேதான் வேலைக்கு வருகிறது.

அப்படி முயன்றவர்கள் செய்ததைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். 2014இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் முழுக்கக் கரிமப் பொருள்களாலான ஆக்சிமீட்டர் உணரியைச் செய்தார்கள். விளக்குகள் சிவப்பும் பச்சையும்! 2016இல் தோக்கியோவில் தக்காவோ சொமேயா குழு வெறும் 3 மைக்ரோமீட்டர் தடிமனில், தோலின் மேல் இன்னொரு தோல் போல ஒட்டும் ஒளிக்கருவியைச் செய்தது. அதிலும் சிவப்பும் பச்சையும்தான். அகச்சிவப்பு எங்கே போனது? பெர்க்லிக்காரர்கள் ஒளிக்காமல் காரணம் சொன்னார்கள்: கரைசலாக ஊற்றிப் பூசக்கூடிய அகச்சிவப்புப் பொருள்கள் காற்றில் நிலைப்பதில்லை, செயல்திறனும் குறைவு. பச்சையிலும் இரண்டு ஹீமோகுளோபினுக்கும் வேறுபாடு உண்டு, எனவே கணக்கு வந்துவிடும். ஆனால் பச்சை ஆழமாகப் போகாது, மெலனினிடமும் நன்றாக அடிவாங்கும். கறுத்த தோலுக்கு ஏற்கெனவே தடுமாறும் கருவியில் இருக்கும் நல்ல விளக்கை எடுத்துவிட்டு மோசமானதைப் போடுவது எனக்குச் சரியான மாற்றாகத் தோன்றவில்லை.

பிளாஸ்டிக்கால் ஏன் சிவப்பைத் தாண்டுவது இவ்வளவு கடினம்? அதைப் புரிந்துகொள்ளப் பிளாஸ்டிக் எப்படி ஒளிர்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் கூட்டம். அந்தச் சங்கிலிக்குப் பாலிமர் என்று பெயர். நாசி லெமாக் கட்டிக்கொடுக்கும் பிளாஸ்டிக் பையின் சங்கிலியில் கரிம அணுக்கள் எல்லாம் ஒற்றைப் பிணைப்பால் கோர்க்கப்பட்டவை. எலக்ட்ரான்கள் அவரவர் இடத்தில் கட்டுண்டு கிடக்கும். மின்சாரம் போகாது. ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று பிணைப்புகள் மாறி மாறி வரும்படி சங்கிலியைக் கோர்த்தால் எலக்ட்ரான்களுக்குச் சங்கிலி நெடுகிலும் நடமாட ஒரு பாதை கிடைக்கும். 1977இல் ஹிதெக்கி ஷிரகாவா, ஆலன் மெக்டயர்மிட், ஆலன் ஹீகர் மூவரும் பாலிஅசெட்டிலினில் அயோடினைச் சேர்த்து அதை மின்சாரம் கடத்த வைத்தார்கள். 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் அதற்குத்தான். 1990இல் கேம்பிரிட்ஜில் பரோஸ், பிராட்லி, ஃபிரெண்ட் ஆகியோரின் குழு, பிபிவி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலிமரை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மெல்லிய ஏடாக வைத்து மின்னழுத்தம் கொடுத்தது. ஏடு பச்சை கலந்த மஞ்சளில் ஒளிர்ந்தது. ஒரு பக்கத்திலிருந்து எலக்ட்ரான், மறுபக்கத்திலிருந்து எலக்ட்ரான் இல்லாத வெற்றிடமான துளை. இரண்டும் சங்கிலியில் எங்காவது சந்தித்துச் சேரும்போது மிஞ்சும் ஆற்றல் ஒளியாகிறது.

எந்த நிறம் வரும் என்பதை முடிவு செய்வது ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு விழும் உயரம். 1240ஐ நானோமீட்டரில் சொன்ன அலைநீளத்தால் வகுத்தால் எலக்ட்ரான்வோல்ட் என்ற ஆற்றல் அலகில் விடை வரும். 530 நானோமீட்டர் பச்சைக்கு 2.34. 940க்கு 1.32 போதும். அப்படியானால் படியின் உயரத்தைக் குறைத்துவிட்டால் ஆயிற்று, இல்லையா?

குறைக்கும் வேலை உண்மையில் அவ்வளவு கடினமில்லை. சங்கிலியை வெறுமனே நீட்டினால் கொஞ்ச தூரம் குறைந்து அப்புறம் நின்றுவிடும். எனவே வேதியியலாளர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கும் துண்டு ஒன்று, அடுத்து எலக்ட்ரானுக்கு ஏங்கும் துண்டு ஒன்று, மறுபடி கொடுப்பது, மறுபடி ஏங்குவது என்று மாற்றி மாற்றிக் கோர்க்கிறார்கள். கொடுக்கும் துண்டு கீழ்ப்படியை மேலே தூக்கும், ஏங்கும் துண்டு மேல்படியைக் கீழே இழுக்கும். இடைவெளி சுருங்கிவிடும். பிளாஸ்டிக் சூரியத் தகடு செய்பவர்கள் வெயிலின் அகச்சிவப்பையும் பிடிப்பதற்காக இந்த வழியில் நூற்றுக்கணக்கான பாலிமர்களைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

அதில் டிபிபி என்ற ஒரு துண்டின் கதை சுவையானது. 1974இல் அமெரிக்காவில் வேறு எதையோ செய்யப் போய்த் தற்செயலாகக் கிடைத்த பளீர்ச் சிவப்பு மூலக்கூறு அது. பிறகு கார்களுக்குப் பூசும் சிவப்புச் சாயமானது. ஃபெராரி சிவப்பு என்றே அதற்குச் செல்லப்பெயர். அதே துண்டைச் சங்கிலியில் கோர்த்து, இங்கே சிங்கப்பூரில் ஏ-ஸ்டார் என்ற அரசு ஆய்வு அமைப்பின் ஐஎம்ஆர்இ ஆய்வுக்கழகத்தினர் 2010 வாக்கில், எலக்ட்ரானும் துளையும் இரண்டுமே நன்றாக ஓடக்கூடிய டிரான்சிஸ்டர்களைச் செய்தார்கள். ஆற்றல் இடைவெளியும் அகச்சிவப்புக்குப் போய்விட்டது. மின்னோட்டத்தில் முதல் மதிப்பெண். ஆனால் இந்த வகைப் பாலிமர்களை விளக்காக்க முயன்றால் பெரும்பாலும் மங்கிப்போகும். இடைவெளியைக் குறைப்பது ஒரு வேலை, அந்த இடைவெளியில் ஒளி வர வைப்பது வேறு வேலை.

இங்கே குறுக்கே நிற்பதற்கு ஆற்றல் இடைவெளி விதி என்று பெயர். 1970இல் எங்கல்மனும் ஜோர்ட்னரும் கணக்காக எழுதி வைத்தது. விதியின் சாரம் இதுதான்: படியின் உயரம் குறையக் குறைய, விழும் ஆற்றல் ஒளியாக வராமல் வெப்பமாகக் கரைந்துபோகும் வேகம் படிப்படியாக அல்ல, அடுக்கு அடுக்காக எகிறும்.

ஏன்? மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை, எப்போதும் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் வேகமாக அதிர்வது கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு. அதன் ஒரு அதிர்வுக்கு ஏறத்தாழ 0.37 எலக்ட்ரான்வோல்ட் பிடிக்கும். பச்சை ஒளிக்கான 2.34ஐ வெப்பமாகக் கரைக்க ஆறுக்கும் மேற்பட்ட அதிர்வுகள் ஒரே நொடியில் ஒன்றுகூடிப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 940க்கு நான்குகூட வேண்டாம். வீடு மாறும்போது கனத்த அலமாரியைத் தூக்க ஆறேழு பேரை ஒரே நேரத்தில் திரட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மூன்று நான்கு பேர் என்றால் அதே மாடியில் பக்கத்து வீட்டுக்காரர்களே போதும். மூலக்கூறுக்கும் அப்படித்தான். அலமாரி கனமாக இருக்கும்வரை ஆள் சேராது, ஆற்றல் பொறுமையாக ஒளியாக வெளியே வரும். அலமாரி இலேசானதும் பக்கத்தில் அதிர்ந்துகொண்டிருப்பவர்களே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

உடம்பு சன்னலைத் திறந்து வைத்திருக்கும் அதே இடத்தில்தான் வேதியியல் கதவை இழுத்துச் சாத்துகிறது. இந்தத் துறையின் பாதி வேலை அந்தக் கதவோடு மல்லுக்கட்டுவதுதான்.

இது போதாதென்று இன்னும் இரண்டு தொல்லைகள். இடைவெளி குறைய வேண்டுமானால் சங்கிலி தட்டையாக இருக்க வேண்டும். தட்டையான சங்கிலிகள் தோசைக்கல்லிலிருந்து இறக்கிய தோசைகள் போல ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய அடுக்கில் ஆற்றல் ஒளியாகாமல் அலைந்து அவிந்துவிடும். டிரான்சிஸ்டருக்கு வரமான அடுக்கு விளக்குக்குச் சாபம். மற்றது எலக்ட்ரானின் ‘ஸ்பின்’ என்ற சுழற்சிக் குணம் போடும் கணக்கு. எலக்ட்ரானும் துளையும் நான்கு விதமாகச் சேரலாம். அவற்றில் ஒன்றுதான் ஒளிரும், மற்ற மூன்றும் சாதாரணப் பாலிமரில் இருட்டு. எடுத்த எடுப்பில் முக்கால் பங்கு போய்விட்டது.

வழிகள் இல்லாமல் இல்லை. தோசைகளுக்கு நடுவே வாழையிலை வைப்பது போல, சங்கிலியின் பக்கவாட்டில் பருமனான கிளைகளைக் கோர்த்து நெருங்கவிடாமல் செய்யலாம். அல்லது அகச்சிவப்புத் துண்டை அதிகம் போடாமல், நன்றாக ஒளிரும் வேறொரு பாலிமருக்குள் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு மட்டும் தூவலாம். ஆற்றல் எப்போதும் தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகும். மழை எங்கே பெய்தாலும் தண்ணீர் வடிகாலில்தானே போய்ச் சேர்கிறது. அதுபோல எலக்ட்ரானும் துளையும் எங்கே சந்தித்தாலும் ஆற்றல் வந்து இறங்குவது அந்தச் சில துண்டுகளில்தான். ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதால் அவை அடுக்காவதும் இல்லை. எனக்குப் பிடித்த வழி இது. பொருளை முழுக்க மாற்றாமல் சேர்மானத்தை மாற்றிச் சமாளிக்கும் சமையல்காரரின் புத்தி இதில் இருக்கிறது.

லண்டன் யூசிஎல் பல்கலைக்கழகத்தின் பிராங்கோ காசியாலி குழு 2021இல் விதியின் மேலேயே கைவைத்தது. போர்ஃபிரின் வளையங்களை, அதாவது பச்சையத்துக்கும் ஹீமோகுளோபினுக்கும் உறவுக்கார மூலக்கூறுகளை, வரிசையாகக் கோர்த்தார்கள். எழுச்சி, அதாவது எலக்ட்ரானை மேல்படிக்கு ஏற்றிய ஆற்றல், பல வளையங்களில் பரவிவிட்டால் ஒவ்வொரு பிணைப்பும் கொஞ்சமாகவே நெளியும். அதிர்வுகளுக்கு ஆற்றலைப் பறிக்கப் பிடி கிடைக்காது. கன உலோகம் எதுவும் இல்லாமல் 850 நானோமீட்டரில் சராசரியாக 1.1 சதவிகிதச் செயல்திறன் கிடைத்தது. உள்ளே போன நூறு எலக்ட்ரானுக்கு ஒரு ஃபோட்டான், அதாவது ஓர் ஒளித்துகள், வெளியே வந்தது என்று பொருள். அற்பமாகத் தெரியலாம். இந்த வட்டாரத்தில் அது பெரிய எண். பிளாட்டினம் கலந்த சிறு மூலக்கூறுகளோ 740 நானோமீட்டரில் 2017இலேயே 24 சதவிகிதத்தைத் தொட்டுவிட்டன. பிளாட்டினம் இருட்டாகப் போகும் முக்கால் பங்கையும் ஒளிர வைத்துவிடும். ஆனால் அந்த வகை விளக்குகளைப் பெரும்பாலும் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைக்கிறார்கள், மைபோல ஊற்றிப் பூசுவதில்லை. 740க்கும் 940க்கும் உள்ள தூரத்தையும் மறந்துவிடக் கூடாது. விதிப்படி பார்த்தால் அது 200 நானோமீட்டர் அல்ல, இன்னொரு மலை.

பெர்க்லிக் குழுவும் பச்சையோடு நின்றுவிடவில்லை. 2018இல் சிவப்பும் அண்மை அகச்சிவப்பும் தரும் அச்சடித்த விளக்குகளை வரிசையாக அமைத்து நெற்றியில் வைத்து அளந்தார்கள். அந்த அகச்சிவப்பு 725 நானோமீட்டர், சன்னலின் வாசற்படியில் ஒரு கால்.

சிங்கப்பூரிலேயே இந்தப் பாலிமர்களுக்குப் போட்டி உண்டு. தேசியப் பல்கலைக்கழகத்தில் 2020இல் பெராவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் 900 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள அகச்சிவப்பு விளக்கைச் செய்தார்கள். சிறு அளவில் அதன் செயல்திறன் 20 சதவிகிதம். இதையும் கரைசலாகப் பூசலாம். பாலிமர்க்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய எண். ஆனால் அதில் ஈயம் இருக்கிறது. காயத்தின் மேல் ஒட்டும் பட்டைக்குள் ஈயம் என்று கேட்டால் எந்தச் சுகாதார அதிகாரியும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பு கன்யியின் குழு விளக்கையே விட்டுவிட்டு அதே பாலிமர்களை வேறு வழியில் கொண்டுபோனது. மின்முனை எதுவும் இல்லாமல், பாலிமரைத் தண்ணீரில் நானோ உருண்டைகளாக்கி உடம்புக்குள்ளேயே அனுப்புவது. 2017இல் அவர்கள் காட்டியது பின்னொளிர்வு. முதலில் உருண்டைகளின் மேல் ஒளியைப் பாய்ச்சி, பிறகு ஒளியை அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகும் அவை சில நிமிடங்கள் மினுங்கிக்கொண்டிருக்கும். வெளியே வேறு ஒளி இல்லாததால் திசுக்களின் சொந்த மினுமினுப்பு குறுக்கே வராது. சுண்டெலிக்குள் இருக்கும் சின்னக் கட்டியும் தெளிவாகத் தெரிந்தது. நிறத்தை அகச்சிவப்புக்குத் தள்ள ஒரு சாயத்தையும் கூடவே வைத்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த உருண்டைக்குள் இருந்தது 1990இல் கேம்பிரிட்ஜில் ஒளிர்ந்த அதே பிபிவி குடும்பம். விளக்குகளில் பிபிவிக்குப் பரம விரோதி ஆக்சிஜன். இரட்டைப் பிணைப்பில் போய் ஒட்டிச் சங்கிலியை அறுத்துவிடும். நன்யாங் குழு அந்த விரோதியையே வேலைக்கு வைத்துக்கொண்டது. ஆக்சிஜன் ஒட்டியதால் உண்டாகும் நிலையற்ற இடைப்பொருள் மெல்ல உடையும்போது வெளிவருவதுதான் அந்தப் பின்னொளிர்வு.

விளக்கு செய்பவர்களுக்கு அந்தச் சமாதானம் கிடையாது. நம் ஊரின் சராசரி ஈரப்பதம் 80 சதவிகிதத்துக்கு மேல். கரிம விளக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாளைக்கு ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீராவிக்கு மேல் உள்ளே போகக் கூடாது என்பது துறையில் சொல்லும் அளவு. கண்ணாடியால் மூடினால் பிரச்சினை இல்லை, ஆனால் வளையாது. வளையும் பிளாஸ்டிக் தாளோ சல்லடை. ஐஎம்ஆர்இயிலிருந்து பிரிந்து உருவான டெரா-பேரியர் என்ற நிறுவனம், காப்பு ஏட்டில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை நானோ துகள்களால் அடைத்து அந்தச் சல்லடையை மூட முயன்றது.

ஆனால் பத்தாண்டு உழைக்க வேண்டியது டிவி திரைதான். புண்ணின் மேல் ஒட்டி மூன்றாம் நாள் பிய்த்தெறியும் பட்டைக்கு அத்தனை கெடுபிடி தேவையில்லை. ஒளியும் கண்ணைப் பறிக்க வேண்டியதில்லை. எதிரே காத்திருக்கும் சிலிக்கான் உணரிக்கு மங்கலான அகச்சிவப்பே போதும், நாடித்துடிப்பின் ஏற்ற இறக்கம் இரைச்சலுக்கு மேலே தெரிந்தால் சரி. 850இல் கிடைக்கும் அந்த 1 சதவிகிதத்தை நான் அற்பமென்று நினைக்காததற்குக் காரணம் இதுதான். 940இல் நல்ல வெளிச்சம் இன்னும் எளிதில் வரவில்லை. ரிமோட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் கருவிக்குள் இன்றைக்கும் காலியம் ஆர்சனைடுச் சில்லுதான் மின்னுகிறது.